கான் வெட்டாத சரிவு

சிவரூபன் பிடுங்கிக் காட்டிய செடியின் வேர் கறுத்து, ஊறிய நூலைப் போல அவருடைய விரல்களோடு வந்தது.

"பாருங்கோ ஐயா, எல்லாம் அழுகுது. கான் வெட்டித் தண்ணியை வடியவிடாட்டி இந்த மழையோட ஒண்டும் மிஞ்சாது."

அழகுமுத்து தலையை ஆட்டினார். வெட்டுகிறேன் என்றும் சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அரை ஏக்கர் லவண்டர். பூக்கும் பருவத்தில் இறம்பொடை வீதியில் செல்லும் வாகனங்கள் நின்று, பூவைக் கட்டுக்கட்டாக வாங்கிச் செல்லும். தேயிலைத் தோட்டத்து வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பின், அவருக்கும் மனைவி வீரம்மாவுக்கும் அடுப்பு எரிவது அதனால்தான்.

மூன்று தலைமுறையாக உழைத்தவர்கள் வீடு கட்டக் கேட்டபோது ஒரு பேர்ச் நிலமும் தர மனமில்லாத நிர்வாகம், இந்தச் சரிவை மட்டும் அவர் கேட்டவுடன் கொடுத்தது.

வேறெவரும் இதைக் கேட்டிருக்கவில்லை.

விவசாய ஆலோசகரான சிவரூபன் யாழ்ப்பாணத்திலிருந்து அண்மையில்தான் மாற்றலாகி வந்திருந்தார். அங்கே நின்று பார்க்கப் பார்க்க அவருக்கு எரிச்சலும் இரக்கமும் ஒருங்கே எழுந்தன. செடிகள் நிலத்தில் நடப்பட்டிருக்கவில்லை. நிலத்தின் மேல் மண்ணைக் குவித்து, அக்குவியல்களில் நட்டிருந்தார்கள். அந்த மண்ணும் சாக்குகளில் சுமந்து வரப்பட்டது.

"காணி முழுக்க மண் கிடக்கேக்க, வெளியில இருந்து மண் சுமந்தனீங்களோ? உலகத்திலேயே நீங்கள் ஒரு ஆள்தான் ஐயா!"

பக்கத்தில் நின்ற வீரம்மா சிரிக்க முயன்றார்.

"தோட்டத்தில என்ன வேலை செய்தனீங்கள்?" என்று அழகுமுத்துவைக் கேட்டார் சிவரூபன்.

"கான்வெட்டுத்தாங்க சார். நான் வெட்டுன கானையெல்லாம் நீட்டி வச்சா கொழும்புக்கே போய்ச் சேந்திரும்ங்க."

"பிறகென்ன? சொந்தக் காணியெண்டதும் பஞ்சி பிடிச்சிட்டுதோ? மண்வெட்டியை எடுங்கோ."

"மண்வெட்டி இல்லைங்க."

வாழ்நாளெல்லாம் கான் வெட்டியவரின் தோட்டத்தில் மண்வெட்டி இல்லை. சிவரூபன் வியப்போடு தம் வாகனத்திற்குச் சென்று, அதிலிருந்த மண்வெட்டியைக் கொண்டுவந்தார். சட்டைக் கையை மடித்தார்.

"நானே தொடக்கி வைக்கிறன்."

ஓங்கிய மண்வெட்டியின் பிடியை அழகுமுத்து பற்றினார். தள்ளவில்லை, பறிக்கவும் இல்லை.

சிவரூபனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேலியோரப் பெயர்ப்பலகையை அப்போதுதான் கவனித்தார்: 'சர்மிளா லவண்டர் தோட்டம்.'

"சர்மிளா ஆர், மகளோ? அவவைக் கூப்பிடுங்கோ. உங்களுக்கு விளங்காட்டிலும் அவவுக்கு விளங்கும்."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இருவரும் சரிவைப் பார்த்தார்கள்.

"அவதாங்க எங்கேயோ இருந்து ரெண்டு லவண்டர் குச்சி கொண்டாந்து டின்னுல நட்டு வச்சா," என்றார் வீரம்மா. "மண்ணு சரிஞ்சப்ப எங்க லயத்து வீடு இந்த எடத்துலதாங்க இருந்துச்சு. அவ உள்ள தூங்கிக்கிட்டு இருந்தா. தேட வந்தவங்க பாதியில நிப்பாட்டிட்டுப் போயிட்டாங்க."

சிவரூபன் தம் காலணிகளைப் பார்த்தார். நின்ற இடத்திலிருந்து விலக வேண்டும் போலிருந்தது. எந்தப் பக்கம் அடி வைப்பதென்று தெரியவில்லை.

மேலே மலை மறைந்து, மழை தேயிலையின் மீது இரைந்துகொண்டு இறங்கியது.

அழகுமுத்து இன்னும் மண்வெட்டியின் பிடியை விடவில்லை.

"அவ எந்தப் பக்கம்னு மட்டும் தெரிஞ்சா, மத்தப் பக்கமெல்லாம் வெட்டிப்புடுவேங்க சார்."