மஸ்லினுக்கு அடியில்

ஓவியத்தில் ஒனொரின் தன் பெயரை எழுதியிருந்த மூலையை, ஆசான் தெகோர் கட்டைவிரலால் துடைத்துவிட்டிருந்தார்.

அதில் மதாம் பிரிசார் வெள்ளை மஸ்லின் ஆடையணிந்து, வெறுஞ்சுவரின் முன் பக்கவாட்டாக அமர்ந்திருந்தார். திரைச்சீலை இல்லை, தூண் இல்லை, பூச்சாடியும் இல்லை. இடப்புறத்திலிருந்து விழும் ஒளி, சலவைக்கல்லிற் செதுக்கியதைப் போன்று தோளின் விளிம்பைப் பிரித்துக் காட்டிற்று. எத்துணை அருகிற் சென்று நோக்கினாலும் தூரிகையின் தடம் ஒன்றேனும் தென்படாது.

அந்தச் சிறப்பே இன்று ஒனொரினுக்குப் பகையாயிற்று.

"உன் கை இதுல எங்கம்மா இருக்கு? காட்டேன், பாப்போம்," என்றார் மதாமின் கணவர் முசியே பிரிசார். படைக்குக் காலணி விற்றுச் செல்வரானவர். "தெகோர் வரைஞ்ச படம்னு பாரிஸ் பூரா சொல்லி வச்சிருக்கேன். இப்ப ஒரு பொம்பள வரைஞ்சதுன்னா ஊரே சிரிக்காது?"

தெகோர் அவள் முகத்தை நோக்கவில்லை.

"என் பட்டறையில பொறந்ததெல்லாம் என் படந்தான் ஒனொரின். எட்டு வருஷமா இருக்க, இது தெரியாதா?"

லூவ்ர் கண்காட்சியின் பெயர்ப்பட்டியல் மறுநாள் அச்சுக்குச் செல்லவிருந்தது. அதில் தன் பெயர் இடம்பெறாவிடின், இன்னும் எட்டாண்டுகள் பிறர் ஓவியங்களுக்கு நாற்காலிக் கால்களைத் தீட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அவள் ஒரு கந்தையை எடுத்து, வண்ணம் கரைக்கும் டர்பன்டைனில் நனைத்தாள்.

"ஏய், என்ன பண்ற?"

"கையைக் காட்டச் சொன்னீங்களே முசியே!"

மூன்று நாட்களுக்கு முன் தீட்டிய மஸ்லின் இன்னும் காயவில்லை. இடுப்பருகே நான்கு விரல் அகலத்திற்கு அழுத்தித் துடைத்தாள். ஆறு மாத உழைப்பில் மூன்று மடிப்புகள் கந்தையோடு வந்துவிட்டன.

அடியிற் காய்ந்துகிடந்த பழுப்புப் பூச்சில் ஆடையற்ற இடுப்பொன்று வெளிப்பட்டது. முதலில் வெற்றுடலை வரைந்து, பின்னரே அதன்மீது ஆடையைப் போர்த்த வேண்டும் என்பது தெகோர் பட்டறையின் மாறாத விதி.

இடுப்பெலும்புக்குச் சற்று மேலே, அவரைவிதையளவு ஒரு மச்சம்.

பிரிசாரின் காதுகள் சிவந்தன.

"ஆசானே, படம் உங்களுதுதான்னு இவர்கிட்டச் சொல்லுங்க," என்றாள் ஒனொரின். "அப்படியே, மதாம் உடுப்பில்லாம எத்தனை நாள் உங்க முன்னாடி உக்காந்தாங்கன்னும் சொல்லிடுங்க."

"ஐயோ, நான் இல்ல!" தெகோர் இரண்டடி பின்வாங்கினார். "கதவைச் சாத்திக்கிட்டு இவதான் முசியே... நான் அந்தப் பக்கமே எட்டிப் பாக்கல. இது இவ படம். முழுக்க முழுக்க இவ படம்!"

பிரிசார் மச்சத்தை நோக்கினார். பிறகு தெகோரை நோக்கினார். மீண்டும் மச்சத்தையே நோக்கினார்.

"இவ பேரையே போட்டுத் தொலைங்க. முதல்ல அதை மூடு!"

பட்டியலுக்கான சீட்டில் ஆசானே அவள் பெயரை எழுதி ஒப்பமிட்டார். மை காயும்வரை அவள் அவ்விடத்தைவிட்டு நகரவில்லை.

மாலையில் மதாம் பிரிசார் வந்தார். நடந்ததைக் கேட்டறிந்து, துடைத்த இடத்தைக் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"எனக்கு ஏதுடி இங்க மச்சம்?" என்றவர், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "பதினோரு வருஷக் குடித்தனம்! அந்த மனுஷனுக்கு அதுகூடவா தெரியல?"

ஒனொரின் வெள்ளை வண்ணத்தைக் குழைத்துக்கொண்டிருந்தாள்.

ஆறு மாதங்களில் ஒருநாளும் மதாம் தம் கையுறையைக்கூடக் கழற்ற இசைந்ததில்லை. ஆகவே அவள் கதவைத் தாழிட்டு, ஆளுயரக் கண்ணாடியின் முன் நின்று, அதில் தெரிந்த உடலை வரைந்திருந்தாள்.