ஒன்பது முறை நின்ற கணினி

"ஐயோ, மறுபடியும் நின்னுடுச்சு!"

நான் அச்சக வாசலில் மழைக்கோட்டை உதறிக்கொண்டிருந்தபோதே பட்டாசின் குரல் கேட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. வாய் அப்படி என்பதால் அங்கே எல்லோருக்கும் அவள் பட்டாசுதான்.

"வாங்க டாக்டர். உங்க புள்ளை ஒன்பதாவது தடவையா மயக்கம் போட்டுட்டான்."

அந்தப் புள்ளை, அவள் கணினியில் நான் போட்டுக் கொடுத்திருந்த புது இயங்குதளம்.

பக்க வடிவமைப்புக்கு அங்கே இரண்டு மேஜைகள். ஒன்றில் பட்டாசு. இன்னொன்றில் அக்கா. பதினெட்டு வருஷமாக அக்காவுக்குப் பழைய இயங்குதளம்தான். மவுஸைத் தொடவே மாட்டார். எல்லாம் விசைப்பலகையிலேயே முடிந்துவிடும்.

போன மாதம் முதலாளி என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"பாடப்புத்தக வேலை வருது தம்பி. எழுத்துரு மாறக் கூடாது, பக்கம் நகரக் கூடாது. முக்கியமா, நடுவுல நிக்கக் கூடாது. எந்த சிஸ்டம் போடலாம்?"

"புதுசுதான் சார். கண்ணை மூடிக்கிட்டுப் போடலாம்."

"வாயால சொன்னா ஆச்சா? பட்டாசுக்குப் புதுசு, அக்காவுக்குப் பழசு. ஒரு மாசம் ஓடட்டும். எப்பெப்ப நிக்குதோ, அப்பப்ப நோட்டுல எழுதுங்க. ஜெயிக்கிறதை ரெண்டு மேஜையிலயும் போட்டுடலாம். புதுசு ஜெயிச்சா எங்க மூணு கிளைக்கும் நீதான். கத்துக்க முடியாதவங்க வீட்ல இருந்துக்கட்டும்."

கடைசி வார்த்தை யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும். அக்கா தலை நிமிரவில்லை. அவர் வீட்டில் சம்பாதிப்பது அவர் ஒருவர்தான்.

பட்டாசு மட்டும் சிரித்தாள். "அக்கா, இனிமே மத்தியானம் நிம்மதியா தூங்கலாம்!"

எனக்கே சுருக்கென்றது.

இப்போது மாதக் கடைசி. நோட்டைப் புரட்டினேன். பழசு இரண்டு தடவை நின்றிருந்தது. புதுசு ஒன்பது தடவை. ஒன்பதும் பட்டாசின் கோணல் கையெழுத்து.

"மூணு கிளைக்குப் போடறேன்னியே, ஒரு மேஜையே தாங்கலையே," என்றார் முதலாளி. "என்ன கோளாறுன்னு பார்த்துச் சொல்லு. இல்லேன்னா கழட்டிக்கிட்டுக் கிளம்பு."

தட்டி மறைத்த தன் அறைக்குள் போய்விட்டார்.

பட்டாசின் நாற்காலி முதுகில் மழைக்கோட்டை மாட்டிவிட்டுக் கணினியின் முன் குனிந்தேன். அவள் அக்காவிடம் போய், திரையைப் பார்த்து உரக்கப் படிக்க ஆரம்பித்தாள்.

"ஏழாம் பக்கம். தலைப்பு உங்க மாமியார் மாதிரி ஒதுங்கி நிக்குது. ரெண்டு இடம் உள்ள தள்ளுங்க."

"என் மாமியாரை இழுக்கலேன்னா உனக்குப் பொழுது போகாதே," என்று சிரித்தபடி அக்கா விசையைத் தட்டினார்.

"பட்டாசு! உன் மெஷின் நின்னா உடனே அரட்டையா?" என்று அறைக்குள்ளிருந்து அதட்டல் வந்தது.

அங்கே யாருக்கும் தெரியாத ஒன்று உண்டு. எப்போது எழுந்தோம், எப்படி அடங்கினோம் என்பதையெல்லாம் கணினி தனக்குள் தானே குறித்துவைத்துக்கொள்ளும். நின்றுபோன கணினி சொன்ன பேச்சைக் கேட்காது. பொத்தானை அழுத்திப் பிடித்துத்தான் அணைக்க வேண்டும். அதுவும் குறிப்பில் ஏறிவிடும்.

திறந்து பார்த்தேன். அப்படி ஒரு குறிப்புகூட இல்லை. ஒன்பது தடவையும் யாரோ வேலையைச் சேமித்து, நிதானமாக, முறைப்படி அணைத்திருந்தார்கள்.

நிமிர்ந்தேன். பட்டாசு எதிரே வந்து நின்றிருந்தாள்.

"நீயேதானே அணைச்சே?"

"ஆமாண்ணே."

பின்கட்டில் அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் நாங்கள் பேசியது வேறு யாருக்கும் கேட்கவில்லை.

"என் பொழைப்புல ஏம்மா மண்ணள்ளிப் போடறே?"

"புதுசுல ஒவ்வொண்ணையும் கண்ணால தேடித் தேடி அமுக்கணும்ணே. பழசுல விரல் போதும்."

"அதனால என்ன? பத்து நாள்ல அக்காவும் பழகிட்டுப் போறாங்க."

அவள் அக்காவின் மேஜைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"என்னய்யா, கண்டுபிடிச்சியா?" என்று முதலாளி உள்ளிருந்தே குரல் கொடுத்தார்.

சொல்லிவிடுவது என்றுதான் எழுந்து நடந்தேன். அக்காவின் மேஜையைத் தாண்டித்தான் அந்த அறைக்குப் போக வேண்டும்.

அதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "சார், தம்பியை ஒண்ணும் சொல்லாதீங்க. பாவம், அவர் முகத்தைப் பாருங்க. பொய் பேசுற முகமா அது?"

அக்கா கை நீட்டிய இடத்தில், நாற்காலி முதுகில், என் மழைக்கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

நான் அக்காவுக்கு எதிரே, இரண்டடி தூரத்தில் நின்றிருந்தேன்.

திரும்பினேன். பட்டாசு தரையைப் பார்த்தாள். அக்காவின் பக்கங்களை அவள் உரக்கப் படிப்பது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

அறைக்குள் தலையை நீட்டினேன்.

"தப்பு என்னோடதுதான் சார். நான் போட்டது சரியில்லை. ரெண்டு மேஜையிலயும் பழசே இருக்கட்டும்."

"நான் அப்பவே சொன்னேனே, இந்த ஆளுக்கு வேலை தெரியாதுன்னு!" என்று அச்சகமே அதிரக் கத்தினாள் பட்டாசு, கண்ணைத் துடைத்துக்கொண்டே.