கத்திரி படாத சட்டை

“தள்ளி நில்லுங்கப்பா, மாப்பிள்ளை சுடப் போறார். தட்டைத் தவிர எல்லாத்துக்கும் ஆபத்து!”

மாமனார் ரெய்னோ சொல்லி வாய் மூடவில்லை, டெரன்ஸ் சுட்டான்.

ஐம்பது கஜம் தள்ளி மரத்தில் அடித்திருந்த காகிதத் தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து மரத்தில் பட்டை தெறித்தது.

காலையில் மானும் இப்படித்தான் தப்பித்தது. ஓடக்கூட இல்லை. ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தே போனது.

மிச்சிகன் வடகாட்டில் அந்த வேட்டைக் குடிசைக்கு ஒரு வழக்கம் உண்டு. மானைத் தவறவிட்டவனின் சட்டை வாலைக் கத்தரித்துச் சுவரில் அடித்துவிடுவார்கள். டெட்ராய்ட்டிலிருந்து முதன்முதலாக வந்திருக்கும் டெரன்ஸ் போட்டிருந்ததோ, இதற்கென்றே அவன் மனைவி ஐலா வாங்கித் தந்த புத்தம்புது சிவப்புக் கம்பளிச் சட்டை.

“தப்பு துப்பாக்கி மேலன்னா சட்டையை விட்டுடறேன். இல்லேன்னா கத்திரிதான்,” என்றார் ரெய்னோ.

துப்பாக்கிக்கு வைத்தியம் ஆரம்பமானது. வைத்தியர், ரெய்னோவின் தம்பி ஆர்வோ. துப்பாக்கியும் அவருடையதுதான். மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்ததால் எல்லாவற்றையும் தடவித்தான் பார்த்தார். குறிபார்க்கும் ஸ்கோப்பை ஆட்டிப் பார்த்தார். குழாயைத் துடைத்தார். வேறு கம்பெனித் தோட்டா எடுத்துக் கொடுத்தார்.

டெரன்ஸ் மறுபடி சுட்டான். மறுபடி பக்கத்து மரம்.

“அந்த மரம் உனக்கு என்னப்பா பாவம் பண்ணுச்சு?” என்றார் ரெய்னோ.

“துப்பாக்கியில ஒண்ணுமில்லைண்ணே. நேத்து மழையில நனைஞ்சதுன்னு கழட்டித் துடைச்சு, நானேதான் திரும்ப மாட்டினேன்.”

“யாரு, இன்னிக்கு பூட்ஸைக் கால் மாத்தி மாட்டிக்கிட்டு வந்தவனா?”

குடிசைக்குள் வந்தார்கள். ரெய்னோ அடுப்பிலிருந்து கெட்டிலைத் தூக்கிக் காட்டினார்.

“கைப்பிடியைப் பாருங்க, ஆடுதா? நேத்து மேஜை மேல ஒரு திருகு சும்மா கிடந்துது. எடுத்துப் போட்டேன். கச்சிதம்!”

“மாப்ளே, எங்கண்ணன் ரிப்பேர் பண்ணி உருப்பட்ட முதல் சாமான் இதுதான்,” என்றார் ஆர்வோ. “தண்ணி பம்பு, ஃபிரிட்ஜ், என் கார் எல்லாம் இவர் கை பட்டுத்தான் போய்ச் சேர்ந்துது.”

ரெய்னோ அதற்குக்கூடக் கோபப்படவில்லை. பிறந்த பேரனைப் பார்ப்பதுபோல் கெட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டெரன்ஸ் துப்பாக்கியை மடியில் கவிழ்த்து வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். மரக்கட்டையையும் இரும்பையும் சேர்த்துப் பிடிக்க அடியில் இரண்டு திருகு இருக்க வேண்டும். பின்னால் ஒன்று இருந்தது. முன்னால் வெறும் ஓட்டை.

ஓட்டையைப் பார்த்தான். கெட்டிலைப் பார்த்தான். மாமனாரின் முகத்தைப் பார்த்தான்.

“என்ன மாப்ளே, ஏதாவது அகப்பட்டுதா?” என்றார் ரெய்னோ.

டெரன்ஸ் கட்டைவிரலால் ஓட்டையை மூடிக்கொண்டான்.

“இல்லை மாமா. துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு. என் கைதான் நடுங்கிடுச்சு.”

“அப்படி வா வழிக்கு!”

சரக்! சிவப்புத் துண்டு சுவரேறியது.

“முப்பது வருஷமா வரேன், தெரியுமில்லே?” ரெய்னோ தன் பச்சைச் சட்டையைத் தட்டிக்கொண்டார். “இதுல இன்னும் கத்திரி பட்டதில்லை.”

மறுநாள் காலை டெரன்ஸ் எழுந்தபோது ரெய்னோ அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தார்.

“துப்பாக்கியைத் துடைச்சு வச்சிருக்கேன். அந்த மான் இன்னிக்கும் வரும். நீதான் முதல்ல சுடறே.”

டெரன்ஸ் துப்பாக்கியைக் கவிழ்த்துப் பார்த்தான். இரண்டு திருகும் இருந்தன.

“காபி ஊத்திக்கோ.”

கெட்டிலில் கைப்பிடியைக் காணோம்.

“சுடும். இதைச் சுத்திப் பிடி,” என்று திரும்பாமலே ஒரு துணியை நீட்டினார் ரெய்னோ.

பச்சைத் துணி. மாமனாரின் சட்டை இடுப்போடு முடிந்திருந்தது.