தீப்பெட்டி இல்லாத வீடு

ஊரெல்லாம் தீபாவளிக்குச் சாமான் வாங்கும். ஞானவேல் அன்றைக்குக் கடைப்பொருள் ஒன்றை விட்டுவிடுவான். நகரத்து வீட்டை விற்றுக் காட்டுக்குக் குடிவந்ததிலிருந்து அப்படித்தான். சோப்பு போயிற்று, சர்க்கரை போயிற்று. போன தீபாவளியோடு தீப்பெட்டியும் போயிற்று. அடுப்புத் தணலைச் சாம்பலால் மூடி, அணையாமல் காக்க வேண்டியது அவன் மனைவி கோமளா.

மழையில் கூரை ஒழுகி இன்று தணல் அணைந்துவிட்டது. புளிப்பானைக்குப் பின்னால் அவள் ஒளித்துவைத்திருந்த தீப்பெட்டியும் ஊறிப்போயிருந்தது. உரசிய குச்சியெல்லாம் மருந்து உதிர்ந்து விழுந்தது. மூலையில் படுத்திருந்த மகனுக்கு மூச்சு இழுத்தது.

"நாளைக்குத் தீபாவளி. மருந்தையும் விட்டுடலாம் கோமு," என்றான் ஞானவேல் வாசலிலிருந்து. "தூதுவளை இருக்கு, ஆடாதொடை இருக்கு. இன்ஹேலர் எதுக்கு?"

"பச்சப் புள்ளை அவன்."

"தீப்பெட்டி இல்லாம முடியாதுன்னும் நீதான் சொன்னே. ஒரு வருஷம் ஓட்டலையா நாம?"

கோமளா அடுப்பைக் கிளறினாள். சாம்பலுக்கடியில் ஒரு பொறியாவது இருந்தால் ஊதிப் பார்க்கலாம் என்று, காய்ந்த தேங்காய் நாருக்காகப் பரண்மேல் கைவிட்டுத் துழாவினாள். நாருக்குப் பின்னால் சின்னதாக ஒரு பெட்டி தட்டுப்பட்டது. அவளுடையது அல்ல. உரசி உரசி அதன் பக்கமெல்லாம் தேய்ந்திருந்தது.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றான்.

அவள் பெட்டியைத் தலைக்குமேல் தூக்கி, வாசலுக்குக் கேட்கும்படி குலுக்கினாள்.

அதன்பிறகு மகனின் மூச்சு மட்டுமே கேட்டது.