ஏழு மணி வெளிச்சம்

மூடி பைக்குள்தான் இருக்கிறதா என்று மறுபடியும் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

இருந்தது.

இன்னும் நாலைந்து பாறை ஏறினால் உச்சி. செங்கோடன் முன்னால் போய், வேடிக்கை பார்ப்பவர்போல வேறு பக்கம் திரும்பி நின்றார். அவள் மூச்சு வாங்குவது அவருக்குக் கேட்டிருக்கும். லாரிப் பட்டறைக்காரர். பதினோரு வருடம், ஞாயிறு தவறாமல் அவள் கணவரோடு இங்கே ஏறியவர்.

ஊருக்கு வடக்கே, வீட்டிலிருந்து நடந்தே வந்துவிடலாம். சின்னக் குன்று, கரடு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவள் கணவர் மட்டும் மலை என்பார்.

"ஒரு தடவ வந்துதான் பாரேன்" என்று அவர் கூப்பிடாத ஞாயிறு இல்லை. இட்லி யார் ஊற்றுவது என்பாள். பெரிய காரணம்தான்.

அறுபத்திரண்டு வயதில் இப்போதுதான் முதல் தடவை ஏறுகிறாள்.

அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த வருடம், இனி மலைப்பக்கமே போகக் கூடாது என்று சண்டை போட்டாள். மூன்று நாள் பேச்சில்லை. கடைசியில் ஒரு உடன்பாடு. உச்சிக்குப் போனதும், சரியாக ஏழு மணிக்கு, தண்ணீர் கொண்டுபோகும் தூக்குப்போசியின் எவர்சில்வர் மூடியை வெயிலில் சாய்த்துக் காட்ட வேண்டும். நல்லபடியாக வந்துவிட்டேன் என்று அர்த்தம். அவள் மொட்டை மாடியிலிருந்து சாப்பாட்டுத் தட்டைக் காட்டுவாள். பார்த்துவிட்டேன், இறங்கி வாருங்கள் என்று அர்த்தம்.

இரண்டு பேரிடமும் போன் இருந்தது. போனில் அந்த சுகம் இல்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்.

"தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. என்னுது?"

"பளிச்சுன்னு."

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் அன்றைக்கு முழுவதும் சந்தோஷமாக இருப்பாள்.

நாலு வருடத்துக்கு முன்னால் பக்கத்து மனையில் அப்பார்ட்மென்ட் எழும்பியது. ஒவ்வொரு மாடியாக மலையைத் தின்றது. கடைசியில் மொட்டை மாடியில் நின்றால் யாரோ வீட்டு பாத்ரூம் குழாய்கள்தான் தெரிந்தன.

இனிமேல் கேட்க மாட்டார் என்று நினைத்தாள். அந்த ஞாயிறும் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

தெரியவில்லை என்று சொன்னால் காட்டுவதை விட்டுவிடுவார்.

"தெரிஞ்சுது" என்றாள்.

பளிச்சுன்னு இருந்தது என்று அவரும் சொன்னார். அதை அவள் நம்பினாள். உயரத்தில் நிற்பவருக்குக் கட்டடத்தின் தலைக்கு மேலே தெரியாமலா போகும். பொய் தன்னுடையது மட்டும்தான் என்று நினைத்தாள். ஏழு மணிக்குக் குழாய்களைப் பார்த்துத் தட்டைக் காட்டினாள். ஒரு ஞாயிறுகூட விடவில்லை.

அவர் மலையில் சாகவில்லை. அவள் பயந்த இடத்தில் ஒன்றும் நடக்கவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, டிவி பார்த்துக்கொண்டிருந்த நாற்காலியிலேயே போய்விட்டார்.

இன்று அவள் ஏறுவது ஒன்றே ஒன்றுக்காக. தன் தட்டு இங்கிருந்து எப்படித் தெரிந்தது என்று பார்க்க வேண்டும். அத்தனை ஞாயிறும் அவர் பார்த்ததை, ஒரே ஒரு தடவை.

ஓசூரிலிருந்து வந்திருக்கும் மகள் பிருந்தாவிடம் தட்டைக் கொடுத்து, ஏழு மணிக்கு மாடிக்குப் போய்க் காட்டச் சொல்லியிருந்தாள். தானும் மூடியைக் காட்டுவதாகச் சொன்னாள். பிருந்தா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "சரிம்மா" என்று வாங்கிக்கொண்டாள்.

உச்சியில் காற்று அடித்தது. செங்கோடன் ஒரு பாறையைக் காட்டினார்.

"சாரு நிக்கற எடம் இதுதானுங்க்கா."

அவள் அதன் மேல் ஏறி நின்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. பஸ் ஸ்டாண்டு. சந்தைப்பேட்டைப் புளியமரங்கள். அங்கிருந்து தெருவைப் பிடித்துக்கொண்டே கண்ணை நகர்த்தினாள். மஞ்சள் பெயின்ட் அடித்த அப்பார்ட்மென்ட் வந்தது.

வீடு வரவில்லை.

இடது பக்கம் நகர்ந்தாள். வலது பக்கம் நகர்ந்தாள். கட்டடம் அசையவில்லை. மாடிச் சுவரின் ஒரு ஓரம்கூட இல்லை.

"எங்க?" என்றாள்.

செங்கோடன் மஞ்சள் கட்டடத்தைக் கை காட்டினார்.

"தெரியாதுங்க்கா. அந்த பில்டிங் வந்ததுலருந்தே தெரியாது. நாங்ககூட கிண்டல் பண்ணுவமுங்க, ஆருக்குங்க சார் காட்டறீங்கன்னு. 'அவ பாத்தேங்கறா செங்கோடா, நான் எப்படி நிறுத்தறது'ன்னு சிரிப்பாருங்க."

சிரித்தாராம்.

மூன்று மாதமாக வராத அழுகை அப்போது வந்தது. கூடவே கோபமும் வந்தது. ஒரு ஞாயிறாவது உண்மையைச் சொல்லி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்கலாம் இந்த மனிதர்.

கூப்பிட்டபோதெல்லாம் அவளும்தான் வந்திருக்கலாம்.

தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, செங்கோடன் பாறைக்கு அந்தப் பக்கம் போனார்.

போன் அடித்தது. பிருந்தா.

"அம்மா, தட்டக் காட்டிட்டேன். தெரிஞ்சுதா?"

அவள் மஞ்சள் சுவரைப் பார்த்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரிஞ்சுது சாமி. பளிச்சுன்னு."

மாடிக் காற்று மட்டும் போனில் கேட்டது.

"நீ காட்டினதும் தெரிஞ்சுதும்மா" என்றாள் பிருந்தா. "எறங்கி வா."

"வர்றேன்."

போனை வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் பையைத் திறந்து மூடியை வெளியே எடுத்தாள்.