மாடி வீட்டு ஐயோ

"ஐயோ!"

மாடியிலிருந்து வந்த அலறலில் கீழ் வீட்டு நர்ஸம்மாவின் கையிலிருந்த கரண்டி நழுவியது. சாயங்காலம் ஆறு மணியானால் தினமும் இதே கூத்துதான். மாடி வீட்டுத் தபால்காரர் வாயில்லாப் பூச்சி. அவர் மனைவியோ கராத்தே டீச்சர்.

"ஐயோ! ஐயோ!"

பின்னாலேயே டீச்சரின் குரல் இடித்தது. "இன்னும் எத்தனை நாளைக்குத்தான் நான் பொறுத்துக்கறது?"

நர்ஸம்மா முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினார். கதவு திறந்தே கிடந்தது.

"டீச்சர், இனிமே அந்த மனுஷன் மேல கை வச்சீங்கன்னா நடக்கறதே வேற!"

"நான் எங்க கை வச்சேன்? நீங்களே பாருங்க," என்றார் டீச்சர் கலங்கிய கண்ணோடு.

காதில் ஹெட்போனோடு, கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார் தபால்காரர். எதிரே கம்ப்யூட்டரில் வண்ணக் கோடுகள் ஓடின.

"ஆபீஸ் விழாவுல கச்சேரி. கிடார், டிரம்ஸ், குரல்னு பாட்டைத் தனித்தனியா பிரிக்கிற சாஃப்ட்வேர் இது. நம்ம பங்கை மட்டும் அணைச்சுட்டு, மத்ததோட சேர்ந்து பாடிப் பழகணுமாம். இவர் கோரஸ். பாட்டு முழுக்க இவருக்கு மூணே மூணு ஐயோ."

நர்ஸம்மா அசடு வழிந்தார். "நல்ல விஷயம்தானே? அதுக்கு ஏன் கண் கலங்கறீங்க?"

"பாட்டு பூரா அவர் காதுக்குள்ள ஓடுது நர்ஸம்மா. ரெண்டு மாசமா எனக்குக் கேக்கறது அந்த ஐயோ மட்டும்தான்!"

"ஐயோ!" என்றார் தபால்காரர்.

நர்ஸம்மா பெட்டியைத் திறந்து, இரண்டு உருண்டை பஞ்சை டீச்சரின் கையில் வைத்தார். கொஞ்சம் யோசித்து, தனக்கும் இரண்டு எடுத்துக்கொண்டார்.