தொண்ணூத்தாறு மார்க்

'டொப்!'

சமையலறையில் மொச்சை உரித்துக்கொண்டிருந்த நீலாம்பாள் நிமிரக்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை பகலில் அந்தச் சத்தம் கேட்டால், கூடத்தில் கார்க் பிடுங்குகிறார்கள் என்று அர்த்தம்.

"ஊர்ல அவனவன் ஒளிச்சு வெச்சுக் குடிக்கிறான். இந்த மனுஷன் பரீட்சை வெச்சுக் குடிக்கிறாரு," என்று மொச்சையிடம் சொன்னாள்.

"குடிக்கலை நீலா, டேஸ்ட் பண்றோம்!" கூடத்திலிருந்து கணவர் தேவேந்திரனின் குரல்.

பட்டுக்கடை முதலாளி தேவேந்திரனுக்குக் கொஞ்ச காலமாக இந்தப் பைத்தியம். சிவப்பு ஒயினாகத் தேடித் தேடி வாங்குவார். முகர்ந்து, கொப்பளித்து, நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட்டு வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவார். எல்லாம் யூடியூபில் கற்ற வித்தை. கூட்டாளி, எதிர்வீட்டு ரிடையர்டு வாத்தியார் பூவராகவன்.

இன்றைக்குப் புதிதாக ஓர் ஆள். கமல். ஏனாத்தூரில் காலேஜ் லெக்சரர். மாடி போர்ஷனை வாடகைக்குக் கேட்டு வந்தவன். மனைவிக்கு ஒன்பதாம் மாசம். செய்யாறு பக்கம் சொந்தக் கிராமத்தில் இருக்கும்போது ராத்திரியில் வலி எடுத்தால் என்ன செய்வது? ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வீடு வேண்டும். எத்தனையோ வாசல் ஏறி இறங்கிவிட்டான்.

தேவேந்திரனின் ருசியைக் கேள்விப்பட்டு, தான் முன்பு படித்த நாசிக்கிலிருந்து வந்த ஒரு ஒயின் பாட்டிலைக் கையோடு கொண்டுவந்திருந்தான். கொடுத்த பிறகுதான் பயம் பிடித்தது. குடிகாரன் என்று நினைத்து வீடு தராமல் போய்விட்டால்?

தேவேந்திரனோ அதையும் பரீட்சையில் சேர்த்துவிட்டார். நீலாம்பாள் அதோடு சேர்த்து மூன்று பாட்டில்களையும் தனித்தனிக் கடை மஞ்சப்பைக்குள் போட்டுக் கழுத்தில் நூல் கட்டி வைத்திருந்தாள்.

"பை எதுக்கு சார்?"

"லேபிளைக் கண்டா மனசு ஒரு பக்கம் சாஞ்சிடும் தம்பி. எந்த நாடு, எந்தத் தோட்டம், ஒண்ணும் தெரியக் கூடாது. நாக்கு மட்டும்தான் ஜட்ஜு. பொறந்த இடத்தைப் பார்த்து மார்க் போடுறவன் மனுஷனே இல்லைப்பா!"

கமலுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

முதல் பாட்டில். பூவராகவன் கிளாஸை அண்ணாந்து தூக்கி, உதடு படாமல் ஊற்றிக்கொண்டார். பாதி வாய்க்கு, பாதி சட்டைக்கு.

"சாமி! மூக்கு கிளாஸுக்குள்ள போவணும். இப்படி ஊத்திக்கினா வாசனை எப்படித் தெரியும்?"

"பழக்கம்பா. காபியே இப்படித்தான்."

"சரி, உங்க சட்டை என்ன மார்க் சொல்லுதுன்னு கேளுங்க. நான் அறுபத்திரண்டு."

இரண்டாவது பாட்டில்.

"பணக்கார வீட்டுப் புளியோதரை சாமி இது. எண்ணெய் ஜாஸ்தி, ருசி கம்மி. எழுபது."

மூன்றாவதை வாயில் வைத்ததும் தேவேந்திரன் கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் திறக்கவில்லை.

"கோயில் இட்லியில சுக்கும் மிளகும் கடிபடுமே... அந்தக் காரம். அப்புறம் புதுப் பட்டைப் பிரிக்கிற வாசனை."

"பட்டுக்கு ஏதுப்பா வாசனை?"

"ஆராய்ச்சி பண்ணாதீங்க சாமி, அனுபவிங்க. தொண்ணூத்தாறு! இதுவரைக்கும் எதுக்கும் போட்டதில்லை."

"என் பங்குக்குத் தொண்ணூறு," என்றார் பூவராகவன்.

மார்க் உடனே குழுவுக்குப் பறந்தது. தேவேந்திரன் நூலை அவிழ்த்தார். நாசிக் பாட்டில்.

"தம்பி! உன்னுதா இது?" கமலின் தோளைச் சேர்த்து அணைத்துக்கொண்டார். "இப்படி ஒரு ரசனை இருக்கிறவனுக்குத் தராம வேற யாருக்கு வீடு தர்றது? நீலா, மாடி சாவியைக் கொண்டா! நாளைக்கே பொண்டாட்டியைக் கூட்டிக்கினு வந்துடுப்பா. அர்த்த ராத்திரியில வலி எடுத்தாலும் கீழ கார் இருக்குது, நான் இருக்கேன்."

கமல் கைகூப்பினான். "இதை எப்படி மறப்பேன் சார்!"

"அதை விடு. செய்யாறு பக்கம்னியே, எந்த ஊரு?"

சொன்னான்.

"அட, எங்க சித்தி ஊராச்சே! அங்க எந்தத் தெரு?"

கமல் ஒரு நொடி தயங்கினான். பிறகு அதையும் சொன்னான்.

பூவராகவன் சட்டைக் கறையைத் துடைக்க ஆரம்பித்தார். தேவேந்திரனின் கை கமலின் தோளிலிருந்து இறங்கியது, கிளாஸை எடுக்கப் போவது போல.

சாவியோடு வந்த நீலாம்பாள் வாசற்படியிலேயே நின்றாள்.

"அடடா, நீலா... உன் தம்பி பையன் மாடிக்கு வர்றேன்னு சொல்லிக்கினு இருந்தான் இல்ல? சுத்தமா மறந்துட்டேன் பாரு."

கூடப்பிறந்தவர்களே இல்லாத நீலாம்பாள், கணவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

"பரவாயில்லை சார்," என்று கமல் எழுந்தான். இந்தத் தம்பி பையன்களை அவன் வேறு வீடுகளிலும் சந்தித்திருக்கிறான்.

"தப்பா எடுத்துக்காத தம்பி..."

"இல்லை சார். வர்றேன்."

கேட் சாத்தும் சத்தம் கேட்டது. தேவேந்திரன் அதே நாசிக் ஒயினை இன்னும் கொஞ்சம் ஊற்றினார். சுழற்றினார். ஒரு வாய் வைத்துத் துப்பினார்.

"அவசரப்பட்டுட்டேன் சாமி. இப்பதான் தெரியுது, கடைசியில என்னமோ ஒரு கசப்பு."

செல்போனை எடுத்துத் தொண்ணூத்தாறை அழித்தார். நாற்பத்தொன்று என்று போட்டார்.

"என் தொண்ணூறையும் கொஞ்சம் குறைச்சுடுப்பா," என்றார் பூவராகவன்.

நீலாம்பாள் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, மீதி மொச்சையை உரிக்க உட்கார்ந்தாள்.